மாடத்து விளக்கு நனைந்த வருஷம்

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். நெய்துகொண்டிருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நம் வாசகர் மன்ற இதழை என் தெருக்காரர்களும் படிக்கிறார்கள். அதனால் உட்கார்ந்திருந்தேன். தபால்காரன் கருப்பையா சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் வந்தான். பத்திரிகைகளுக்கு நான் எழுதிப் போடும் துணுக்குகள் திரும்பி வரும்போது, அவற்றை வாசலிலிருந்தே வீசிவிட்டுப் போகிறவன் அவன். இருபது வருஷத்தில் அவன் படியேறி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை.

“ஏலே ராமலிங்கம், ஓடை சாரு தவறிட்டாகலே” என்றான்.

“அது நான் விட்ட புளுகுடா. நாலு வருசமாச்சு. வேற புதுசா ஏதாச்சும் கொண்டா” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. காக்கித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கருப்பையாவுக்கு இவ்வளவு பெரிய வழுக்கை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நேற்று மத்தியானம் பரளச்சி பஸ் நிறுத்தத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்றான். பஸ் வந்திருக்கிறது, கண்டக்டர் விசில் கொடுத்திருக்கிறார், பெரியவர் தூங்குகிறார் போல என்று யாரோ போய்த் தோளைத் தொட்டிருக்கிறார்கள்.

“செவ்வாய்க்கிழமை இங்கதானடா உக்காந்து ரெண்டு டம்ளர் காப்பி குடிச்சாக” என்றேன்.

ரெண்டு டம்ளர் காப்பி குடித்தவர் சாக முடியாது என்று ஏதோ சட்டம் இருப்பது போல, அதையே அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். கருப்பையாவிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். துஷ்டி வீட்டில் அவர் மனைவி டீச்சரம்மாவிடமும் சொன்னேன். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “எனக்கும் அதுதாங்க வெளங்கல. நாலு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுனாக” என்றார்கள். நாங்கள் இருவரும் காப்பியையும் இட்லியையும் வைத்துக்கொண்டு அந்தச் சாவை எதிர்த்து வாதாடிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புளுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏப்ரல் முதல் தேதி. வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. டீக்கடையில் நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஓடை சாரை ஓடைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்றேன். ஓடையில் ஆறு மாசமாக ஆடுகள் படுத்திருந்தன. ஆனாலும் நாலு பேர் எழுந்து ஓடினார்கள். அரை மணி நேரத்தில் செத்துப்போனவரே கடைக்கு வந்துவிட்டார். என் அருகில் உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், ரொம்ப அக்கறையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“தண்ணி எம்புட்டு ஒசரம் வந்துச்சாம்?”

அவர்தான் ஓடை சார். தாய் தகப்பன் வைத்த பெயர் சாமுவேல் ஞானமுத்து. பந்தல்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அறுபதுகளின் தொடக்கத்தில் நம் ஊருக்கு ஓவர்சியராக வந்தார். மெலிந்த உடம்பு, முழங்கால் வரை காக்கி டவுசர், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அளவு நாடா, தூக்குவாளி, குடை. இந்தக் கந்தக பூமியில் மூன்று குடம் தண்ணீருக்காக முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடும் தெருக்களில், மழைத்தண்ணீர் அதிகமாகிவிட்டால் எப்படி வெளியேற்றுவது என்று கேட்டுக்கொண்டு ஒரு மனிதர் குடையோடு நடந்தால் ஊர் என்ன செய்யும்? பெயர் வைத்தது. நானும் இரண்டு பெயர் வைத்துப் பார்த்தேன். ‘ஓடை சார்’ நிலைத்தது.

அவர் அறைச் சுவரில் ஊர்ப்படம் ஒன்று தொங்கியது. அவரே வரைந்தது. அதில் தெருக்களைவிட நீலக் கோடுகள் அதிகம். வேலையாகப் போனவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடல் என்று கேட்டுவிட்டு வருவார்கள். அவருக்கு நம் ஊர் வார்டு வார்டாகப் பிரிந்து கிடக்கவில்லை. ஓடை ஓடையாகப் பிரிந்து கிடந்தது. புதிதாக ஒருவரைப் பார்த்தால் எல்லாரும் எந்த ஊர், எந்த ஆட்கள் என்று தூண்டில் போடுவோம். அவர், “உங்க வீட்டுக் கூரையில பெய்யிற மழை எந்த ஓடைக்குப் போகுது?” என்று கேட்பார். பதில் தெரியாதவர்களைப் பார்த்து உண்மையாகவே பரிதாபப்படுவார். சொந்தப் பாட்டன் பெயர் தெரியாதவர்களைப் பார்ப்பது போல.

“ஓடையிலதான் தண்ணியே இல்லையே சார்” என்று நான் ஒருமுறை சொன்னேன்.

“ஓடை லீவுல இருக்குங்க ராமலிங்கம். ராஜினாமா பண்ணலை” என்றார்.

இதை என் பெயரில் ஒரு பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன். அதுவும் திரும்பி வந்தது.

அவர் சொல்வதில் விஷயம் இருந்தது. நம் பக்கத்து மழை, ஏழு மாசம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, ஐப்பசியில் ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிற மழை. கரிசல் மண் ஓரளவுதான் குடிக்கும். அப்புறம் வாயை மூடிக்கொள்ளும். ஊருக்கு மேலே இருக்கும் கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக ஓடையில் இறங்கும். அந்த ஓடை நேராக எங்கள் தறிக்காரத் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் ஒரு பாலம் கட்டித் தண்ணீரைப் பத்திரமாக வெளியே அனுப்ப வேண்டும் என்பதுதான் அவர் திட்டத்தின் முதல் வேலை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற வழிக்குக் கண் என்று பெயர். ஒரு கண் போதுமா, மூன்று கண் வேண்டுமா? அதுதான் கேள்வி. அதற்குப் பதில் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

என் சின்ன வயதில் ஒரு பெரிய வெள்ளம் வந்தது. அது எந்த வீட்டில் எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரிந்தால் கண்களின் கணக்குத் தெரிந்துவிடும். ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து, வெள்ளக் கறையைத் தெருவே மூடி வைத்திருந்தது. மனிதர்களைக் கேட்டால்தான் உண்டு. எங்கள் தெருவில் வீட்டுக்குள் கன்னடம். வாசற்படி தாண்டினால்தான் தமிழ். வயதான பெண்களுக்கு அந்தத் தமிழும் பாதிதான் வரும். ஆகவே சார் தம்மோடு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டார். தெருவிலேயே வேலை வெட்டி இல்லாதவன் யார் என்று விசாரித்திருப்பார் போல. என்னை வைத்துக்கொண்டார்.

காலையில் வர மாட்டார். காலையில் தெரு நீளத்துக்கும் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்போம். யாரும் பேச மாட்டோம். பாவு சுருட்டின பிறகு வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகத் தறிக்குழிக்குள் இறங்கிவிடுவார். எத்தனை அடி தண்ணீர் வந்தது என்று யாரிடமும் கேட்டது கிடையாது. “அடிக்கணக்குல எல்லாரும் பொய் சொல்லுவாங்க. பொருள்கணக்குல பொய் வராது” என்பார். ஆகவே அவர் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். நூல்கண்டு வைக்கும் தார்ப்பெட்டி மிதந்ததா? அரிசிப்பானையை எங்கே தூக்கி வைத்தீர்கள்? எது நனைந்தது, எது நனையவில்லை?

முதல் வீடு எங்கள் வீடு. தெருவிலேயே பள்ளமான வீடு அதுதான். அம்மா தறி ஓரத்தில் உட்கார்ந்து இழை சுற்றிக்கொண்டிருந்தாள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு விளக்கு மாடம் உண்டு. சார் அதைக் காட்டிக் கேட்டார்:

“அந்த வருசம் இந்த மாடத்து வெளக்கு நனைஞ்சதான்னு அம்மாகிட்டக் கேளுங்க.”

கேட்டேன். அம்மா கன்னடத்தில் நீளமாகச் சொன்னாள். விளக்கு நனைந்ததாவது? மாடத்தை மூழ்கடித்து, விளக்கைத் தூக்கிக்கொண்டே போய்விட்டது தண்ணீர். மூன்றாம் நாள் ஓடைக்கரைக் கருவேலமரத்தில் அது மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எடுத்து வந்தார்கள். எனக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் நின்றவன் நான்.

அப்போது அடுப்படியில் என் தங்கை சௌடம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வரும் வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் காரியாபட்டியிலிருந்து வருவதாக இருந்தது. நல்ல இடம். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு; சாதகம் பார்ப்பதற்கு முன்னால் தறிக்குழியைப் பார்ப்பார்கள். தண்ணீர் ஏறுகிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள யோசிப்பார்கள். குழி நனைகிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று ஒரு பேச்சு. ஏற்கெனவே இரண்டு இடம் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, காப்பியைக் கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் சொன்னேன்:

“வெளக்கு பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சாம் சார். தண்ணி முழங்காலு வரைக்குந்தான்.”

இடுப்பு முழங்காலானது. கன்னடத்திலிருந்து தமிழுக்கு வருவதற்குள் ஒன்றரை அடி தண்ணீரை வற்றச் செய்தவன் என்ற பெருமை எனக்கு மட்டுமே உண்டு.

சார் தம் புத்தகத்தில் குறித்துக்கொண்டார். நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போனோம். நான் அவிழ்த்துவிட்டது அங்கெல்லாம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. தெருவிலேயே பள்ளமான ராமலிங்கம் வீட்டில் முழங்கால் என்றால், மேட்டு வீட்டுக்காரன் எப்படி இடுப்பு என்று சொல்லுவான்? கணுக்கால் என்றான். அதற்கடுத்த வீட்டில் படியே நனையவில்லை. அவர்கள் வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள். ஒரே மத்தியானத்தில் எங்கள் தெரு முழுவதும் மேடாகிவிட்டது.

ஒரு வாரம் கழித்துச் சார் தனியாக வந்தார். முகம் தெளிவாக இல்லை. கண்மாயின் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் மூன்று கண் வருகிறது; வீடுகளில் கேட்டு எழுதினதைப் பார்த்தால் ஒரு கண்ணே தாராளம் என்று வருகிறது. எங்கேயோ இடிக்கிறது என்றார். மேலே இருப்பவர்கள், ஜனங்களே முழங்கால் என்கிறார்கள், உமக்கு ஏன் மூன்று கண் என்று கேட்கிறார்களாம். தெருவில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் தாம் மேலே போய்ப் போராடுவதாகச் சொன்னார்.

“நீங்க சின்னப் பிள்ளையில பாத்ததுதான ராமலிங்கம்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

வாசலில் மாவிலை கட்டியிருந்தது. காரியாபட்டிக்காரர்களுக்கு எங்கள் குழி பிடித்திருந்தது, தங்கையையும் பிடித்திருந்தது. சார் மாவிலையைப் பார்த்துவிட்டு, “விசேசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சந்தோஷப்பட்டார். நானும் நன்றாக யோசித்தேன். யோசித்து, “முழங்காலுதான் சார்” என்றேன்.

ஒரு கண் பாலம் வந்தது. அழகான பாலம். தரையோடு தரையாக இருந்ததால் பாவு நீட்ட வசதியாக இருந்தது. தெருவே என்னைப் பாராட்டியது.

தங்கை கல்யாணம் ஆவணியில் நடந்தது. ஐப்பசியில் தலைத்தீபாவளி. மாப்பிள்ளை இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். கூடவே மழையும் வந்துவிட்டது. தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்து முதல் இட்லியைப் பிட்டார். இலை மெதுவாக நகர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் ஒருவன்தான் பார்த்தேன். மாப்பிள்ளை இட்லிக்குச் சட்னி தொடப் போனார். சட்னி ஒரு முழம் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்துவிட்டது. ஓடையில் வந்த தண்ணீர் வெட்டிப் போட்டிருந்த வேலிமுள்ளையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, அந்த ஒரே கண்ணை அடைத்துவிட்டது. அப்புறம் அதற்கு எங்கள் தெருவைத் தவிர வேறு வழி இல்லை. கால் மணி நேரத்தில் தறிக்குழி நிறைந்தது. பாவு மிதந்தது. மாப்பிள்ளை தறிக்கட்டையின் மேல் ஏறி, புது வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றார். என் அம்மா அம்மிக்கல்லின் மேல் நின்றுகொண்டு அவரைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாடத்தின் விளிம்பைத் தொட்டது, உள்ளே போனது, விளக்கை மெதுவாகத் தூக்கியது.

உயிருக்கு ஆபத்து இல்லை. மூன்று வீடுகளின் சுவர் விழுந்தது. தெருவில் இருந்த அத்தனை தறியும் நாசம். கல்யாணங்களுக்கு நெய்து வைத்த சேலைகளெல்லாம் சேற்றுத் துணியாகிவிட்டன. எதிர்வீட்டுச் சென்னப்பா, நனைந்த பாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு குழந்தையை வைத்திருப்பது போல இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. சிரிப்பு மூட்டியே பழகின கை இது. இந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. சார் வந்தார். இடுப்பு வரை சேறு. காலையிலிருந்து அந்தக் கண்ணை அடைத்த முள்ளை ஆட்களோடு நின்று வெட்டியிருக்கிறார், கையெல்லாம் கீறல். எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மாடம் நிறையக் களிமண் அப்பிக் கிடந்தது. விரலால் அதைக் கொஞ்சம் வழித்தார். உள்ளே விளக்கு இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வெளக்கு எரியுதா ராமலிங்கம்?” என்றார்.

அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். எனக்குப் பின்னால் புது மாப்பிள்ளை செம்பில் குழித்தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். சார் அவர்களைப் பார்த்தார். முன்பு பார்த்த மாவிலை அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டிக்கொண்டார். புரிந்துவிட்டது என்ற ஆட்டல் அது. பிறகு சென்னப்பா வீட்டுக்குப் போனார்.

விசாரணை நடந்தது. தெருக்காரர்களைக் கூப்பிட்டு, யார் தவறான அளவு சொன்னது என்று கேட்டார்கள். நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். என் வயிற்றுக்கு அந்தத் தூண் போதவில்லை. சார் எழுந்து, “கேட்டது நான், எழுதுனது நான். தப்பு என்னோடது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். என் பெயர் வரவில்லை. அவரைத் திருச்சுழிப் பக்கம் மாற்றினார்கள். பதவி உயர்வு நின்றது. நம் ஓடையில் மூன்று கண் பாலம் பிறகு வேறு ஒருவர் காலத்தில் வந்தது. கல்வெட்டில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. அவர் பெயர் இல்லை. வரைபடம் மட்டும் அவருடையது. நீலக் கோடு மாறாமல் அப்படியே.

மாற்றலாகிப் போகும் முன் ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்ட்டோடு எங்கள் தெருவுக்கு வந்தார். ஒவ்வொரு வீட்டு வெளிச்சுவரிலும் வெள்ளம் ஏறின உயரத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டால், நாளை வருகிறவர்களுக்கு அரிசிப்பானையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியுமே என்றார். தெரு ஒரே குரலில் வேண்டாம் என்றது. வெள்ளத்தை நாங்கள் மறந்துவிடவில்லை; ஆனால் வீட்டில் பெண் இருக்கிறவன் அதைச் சுவரில் எழுதி வைப்பானா? சார் வற்புறுத்தவில்லை. டப்பாவை என் கையில் கொடுத்து, “உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் போடுங்க” என்றார். நான் அதைப் பரணில் போட்டேன்.

ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பிறகு, வாரம் இரண்டு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வருவார். மாடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். ஒரு நாள்கூட அந்தப் பேச்சை எடுத்தது கிடையாது. நான் எடுக்க வேண்டும். எடுக்கத்தான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். எடுப்பதற்குப் பதிலாக ஒரு வேடிக்கை சொல்லுவேன். அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு, இன்னும் ஏதோ வரும் என்பது போல ஒரு நிமிஷம் காத்திருப்பார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்தபோது, சார், உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தே விட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, பரளச்சியில் கலுங்குக்குக் கீழே ஓடை வழியை மறித்து யாரோ களம் போட்டிருக்கிறார்களாம், நாளைக்குப் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும் என்றார். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆனவர். “வெள்ளிக்கிழமை வாரேன். அப்பச் சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

அவசரம் இருந்தது. இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை மாலை அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் எனக்கு இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்தத் தோட்டத்தின் தென்பக்கம் பள்ளம். ஓடைத் தண்ணீர் ஏறக்கூடிய இடம். அங்கே யாரையும் வைக்காதீர்கள் என்று பல வருஷம் முன்பு ஓடை சார்தான் சபைக்காரர்களிடம் சொல்லி அதைக் காலியாக விட வைத்திருந்தார். மேட்டில் இப்போது இடமே இல்லை. காலியாக இருந்தது அவர் காலியாக வைத்த இடம் மட்டும்தான். குழி அங்கே வெட்டியிருந்தார்கள். நான் பதறிப்போய் டீச்சரம்மாவிடம், இது சார் வேண்டாம் என்று சொன்ன இடமாயிற்றே என்றேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தெரியுங்க. போகட்டும், தண்ணி வந்தா மொதல்ல அவுகளுக்குத் தெரியும்” என்றார்கள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில் நின்று சிரித்துவிட்டேன். பிறகு அது நிற்கவில்லை. அது சிரிப்பாகவும் இருக்கவில்லை. கருப்பையா என்னைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறி டப்பாவை எடுத்தேன். பெயிண்ட் கல்லாக இறுகிக் கிடந்தது. எத்தனை வருஷம்! என் மகள் கோமதி, கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்து அதே டப்பாவில் ஊற்றிக் கொடுத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளைப் பெண் பார்க்க வரும் வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து வருகிறார்கள். நான் செய்யப் போவது என்னவென்று புரிந்ததும் என் மனைவி கன்னடத்தில் கொஞ்ச நேரம் பேசினாள். அதை இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. என் மொழிபெயர்ப்பின் லட்சணம் உங்களுக்கே தெரியும்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் சரி என்று சொல்லாமல் கோடு போட எனக்கு உரிமை இல்லை. நடந்ததையெல்லாம் முதல் முதலாக அவளிடம்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்புட்டுத் தண்ணி வந்ததுக்கு அப்புறம் மாமா அத்தைய விட்டுட்டா போயிட்டாக? நாலு நாளு இருந்து குழி எறைச்சுக் குடுத்துட்டுத்தான போனாக. போடுங்கப்பா” என்றாள்.

எனக்கு இது தோன்றியதே இல்லை. காரியாபட்டி மாப்பிள்ளை எங்கள் வெள்ளத்தை நேரில் பார்த்துவிட்டும் மாப்பிள்ளையாகத்தான் இருந்தார். நான் சொன்ன பொய் யாருக்கும் தேவைப்படவே இல்லை.

வெளிச்சுவரில், மாடத்தின் மேல்விளிம்பை ஒட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கோடு இழுத்தேன். கோமதி தள்ளி நின்று, கோணல், இடது பக்கம் இறங்குகிறது என்று திருத்திக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுச் சென்னப்பா கைத்தடியோடு வந்தார். தொண்ணூறை நெருங்குகிறவர். கோட்டை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அன்றைக்கு அவர் வீட்டில் தண்ணீர் கணுக்கால்தான் என்று சாரிடம் சொன்னவர்.

“இது தீபாவளித் தண்ணி. பழைய தண்ணி இன்னும் நாலு விரக்கடை மேலடா” என்றார்.

கைத்தடியைத் தூக்கி இடத்தைக் காட்டினார். அங்கேயும் ஒரு கோடு போட்டேன். பொழுது சாய்வதற்கு முன்னால் அவரே வந்து அந்த டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அது இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை. மூன்றாவது வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

காவிக் கோடு நிலைக்காது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் மறைந்துவிடும். மறுபடி போட வேண்டும். வருஷா வருஷம் போடுவேன். வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் இது என்ன கோடு என்று கேட்பார்கள். கேட்கட்டும். சொல்லுவதற்கு என்னிடம் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

சார், நீங்கள் வாரேன் என்ற வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. அன்றைக்கும் இரண்டு டம்ளர் காப்பி போட்டார்கள், ஒருவரும் குடிக்கவில்லை. வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. ஓடை லீவில் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு தடவையும் காத்திருந்த அந்த ஒரு நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதை, இப்போது ஊரறிய அச்சில் சொல்கிறேன். உங்கள் புத்தகத்தில் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் மாடத்து விளக்கு நனைந்தது சார்.